மதகடியிலிருந்து தெற்கே நாலு கிலோமீட்டர்

“அவளை அவன் பக்கத்துல உட்கார வைக்காத. நடுவுல ஒருத்தர் வரணும். அப்புறம், அவ உள்ளே பார்க்கக் கூடாது, வெளியே பார்த்துதான் உட்காரணும். இவ்வளவு சொன்னதுக்கப்புறமும் தப்பா உட்கார வெச்சா நான் என்ன பண்றது?”

ரோஹிணி கிரைண்டரை நிறுத்திய நேரத்தில் மாடிப்படியிலிருந்து மகளின் குரல் இப்படி இறங்கி வந்தது. உளுந்து மாவு வழியும் கையோடு அப்படியே நின்றுவிட்டாள். எவளை எவன் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாதாம்? இவ்வளவு உரிமையாக யாரிடம் கோபித்துக்கொள்கிறாள் இவள்?

“யார்ட்ட பேசினுகீற?”

“ஸ்டூடண்ட்மா. எட்டு பேர் வட்ட மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. யார் பக்கத்துல யாருன்னு கண்டுபிடிக்கணும். ரீசனிங்.”

“எட்டு பேரு குந்தினுகீறாங்க, சரி. துன்னுட்டு எய்ந்து போவப் போறாங்க. அதுக்கு ஒரு பரிச்சையா?”

தீபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரோஹிணிக்குப் பிடிக்கவில்லை. தாயிடம் சிரித்த சிரிப்பா, போனில் இருக்கிறவனுக்கும் சேர்த்துச் சிரித்ததா என்று தெரியவில்லை. தெரியாததுதான் அவளுக்கு ஆகாது.

தீபா பி.காம். முடித்தவள். பாங்க் வேலைக்கான பரீட்சையில் முதல் கட்டம் தேறியிருந்தாள். அடுத்த கட்டம் தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் அவள் படித்த கோச்சிங் சென்டரை நடத்தும் சத்தியநாதன் சார், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷிலும் ரீசனிங்கிலும் வருகிற வீட்டுப்பாடச் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் வேலையை இவளிடம் கொடுத்திருந்தார். சொல்லிக் கொடுத்தால்தான் உனக்கும் நிற்கும் என்பது அவர் கணக்கு. அதனால் சாயங்காலம் ஆனால் போன் டொய்ங் டொய்ங்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கேள்வியைப் படம் பிடித்து அனுப்புவார்கள். இவள் படிக்கட்டில் உட்கார்ந்து பேசியும் எழுதியும் பதில் அனுப்புவாள்.

ரோஹிணிக்குப் பெருங்களத்தூரில் இது இருபத்திரண்டாவது ஐப்பசி. அவள் வாழ வந்தபோது மாமனாருக்கு ஏரிப் பாசனத்தில் நெல் வயல் இருந்தது. ஏரி சுருங்கச் சுருங்க வயல் மனையாயிற்று, மனை மாடியாயிற்று. இப்போது கணவன் துளசிங்கம் வாடகைக்கு விட்ட போர்ஷன்களையும் ஜல்லி, எம்-சாண்ட் விற்கிற யார்டையும் பார்த்துக்கொள்கிறான். ரோஹிணி வீட்டு முன்னறையில் மாவு அரைத்து விற்கிறாள். எதிரே அபார்ட்மெண்ட் வந்த பிறகு அவள் கிரைண்டருக்கு ஓய்வில்லை. மழைக்காலத்தில் மாவு லேசில் புளிக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் குண்டானை வைத்து, பழைய போர்வையைச் சுற்றி, பச்சைக் குழந்தையைப் பார்ப்பதுபோல அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

அன்றைக்கும் எதிர் ஃபிளாட் மாளவிகா குடையோடு வந்து மாவு வாங்கிக்கொண்டே போனில் யாருக்கோ வழி சொன்னாள். “ஆர்ச் ஸ்டாப்பிங்ல இறங்குங்க. பக்கத்துலயே மாவு கடை இருக்கும்.”

“எங்க ஆளுங்க மதகடின்னு சொல்வாங்க மேடம் அந்த எடத்த,” என்றாள் ரோஹிணி.

“மதகடியா? அப்படி ஒரு இடம் இருக்கா இங்கே? எங்கே அக்கா?”

“நீங்க நின்னுகினு கீறீங்களே, அதான்.”

மாளவிகா கீழே பார்த்தாள். சிமெண்ட் ரோடும் மழைத் தண்ணீரும்தான் இருந்தது. ஏரி மதகை மூடி ரோடு போட்டு வெகு காலமாகிறது. ஃபிளாட்காரர்கள் கட்டிய வளைவை வைத்து அந்த இடம் ஆர்ச் ஆகிவிட்டது. தீபாகூட ஆர்ச் என்றுதான் சொல்வாள்.

மகள் அனுப்பும் பாடங்களைக் காதில் வாங்க வாங்க ரோஹிணிக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு நாள் உறவுமுறைக் கேள்வி.

“அம்மாவோட தம்பின்னா அங்கிள்,” என்று தீபா போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். “அப்பாவோட தம்பின்னாலும் அங்கிள்தான். குழப்பிக்காத.”

ரோஹிணியால் பொறுக்க முடியவில்லை. “ஏண்டி, மாமனும் சித்தப்பனும் ஒண்ணா? ஒருத்தன் கட்டிக்கிற முறை, ஒருத்தன் அப்பன் முறை. ரெண்டு பேரும் அங்கிளா? கேட்டுல குந்தினுகீற வாட்ச்மேனும் அங்கிளு. இன்னா பாஷை இது?”

“இங்கிலீஷ்ல அவ்ளோதாம்மா. அங்கிள்னா அங்கிள். கட்டிக்கிறது எல்லாம் அதுல வராது.”

சொல்லிவிட்டு தீபா திரும்பவும் போனுக்குள் போய்விட்டாள். ரோஹிணிக்குச் சுருக்கென்றது. இது வீட்டுப்பாடத்துக்குச் சொன்ன பதிலா, தனக்குச் சொன்ன பதிலா?

சுருக்கென்றதற்குக் காரணம் இருந்தது. ரோஹிணிக்கு ஒரே தம்பி, வெற்றிவேல். அவர்கள் அம்மா இறந்தபோது அவன் மீசை முளைக்காத பிள்ளை. சடலத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதவனைக் கட்டிக்கொண்டு, “அழாதடா, என் பொண்ணு உனக்குத்தான்,” என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் சொன்ன வாக்கு. ஆனால் ஊர் முழுக்கக் கேட்ட வாக்கு. அதற்கப்புறம் அக்காள் வீட்டில்தான் வளர்ந்தான். அவனும் கெட்டவனில்லை. கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாகத் தண்ணி லாரி வாங்கி மேடவாக்கத்து ஃபிளாட்டுகளுக்கெல்லாம் லோடு அடிக்கிறான். தை மாதம் பரிசம் போட வேண்டும் என்று ஆடியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தான். தீபா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “மாமாவை மாமாவாத்தாம்மா எனக்குத் தெரியும்.” பழகப் பழக மாறும் என்று ரோஹிணி அதை அன்றைக்கே மூடிவிட்டாள்.

மழை பிடித்துவிட்டால் தண்ணி லாரிக்கு வேலை இல்லை. வெற்றிவேலின் வண்டி பத்து நாளாக அக்காள் வீட்டு வாசலில்தான் நின்றது. அதன் பின்பக்கம் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக GOD KNOW ALL என்று எழுதியிருக்கும். ஒரு எஸ் விட்டுப்போச்சு மாமா, KNOWS வரணும் என்று தீபா சொன்னபோது, “சாமிக்குத் தெரியாதா, நான் இன்னா சொல்ல வர்றேன்னு?” என்று சிரித்தான். வேலையில்லாத அந்தப் பத்து நாளில்தான் அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது. முருங்கைக்கீரை போட்டுத் தட்டிய கேழ்வரகு அடையை, கவிழ்த்துப் போட்ட மாவு பக்கெட்டின் மேல் உட்கார்ந்து தின்றுகொண்டே ஆரம்பித்தான்.

“அக்கா, சொன்னா தப்பா எடுத்துக்காத. பொண்ணு போக்கு சரியில்ல.”

“இன்னாடா சொல்ற?”

“அந்தப் போனுல சூர்யான்னு ஒருத்தன் கீறான். முழுப் பேரு சூர்யநாராயணனாம். மேடவாக்கம் பையனாம். பேரப் பாத்தாலே தெரியுது, நம்ம ஆளு கெடையாது. ஸ்டூடண்டுன்னு சொல்லிகினு பூந்திருக்கான்.”

“உனக்கு எப்பிட்றா தெரியும்?”

“லோடு அடிக்கப் போற எடத்துல நாலு பேச்சு காதுல வுழும். நீ மாவ அரைச்சிகினு இரு. பொண்ணு பாங்குல வேலன்னு சொல்லிகினு வடநாட்டுக்குப் போவட்டும், இவன் பின்னாடியே போவட்டும். அப்பால குந்திகினு அழு.”

மழையில் லோடே அடிக்காதவன் எந்த இடத்தில் பேச்சைக் கேட்டான் என்று ரோஹிணி அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளோ மாதக் கணக்கில் அரண்டு கிடந்தாள்.

அதிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. தீபா போனைப் பார்த்துப் புருவம் சுருக்கினாலும் தப்பு, சிரித்தாலும் தப்பு. போனோடு மாடி ஏறினால் ஏன் மேலே போகிறாள், கீழே உட்கார்ந்தால் எதை மறைக்கக் கீழே உட்கார்கிறாள். மாவில் ஒரு நாள் உப்பே போடவில்லை. இன்னொரு நாள் இரண்டு தடவை போட்டுவிட்டாள். ஃபிளாட்டிலிருந்து மூன்று பேர் வந்து முறையிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தீபா குளிக்கப் போயிருந்தபோது கூடத்தில் போன் டொய்ங்கென்றது. ரோஹிணி பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பாள். எஸ், யு, ஆர். அதற்கு மேல் படிக்க வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த தீபா, டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“அம்மா, பிள்ளைங்க கேட்டுகிட்டு இருப்பாங்க. நானும் அதுலதான் படிக்கிறேன். அடுத்த வாரம் எக்ஸாம்.”

“எக்ஸாமும் வோணாம், ஒண்ணும் வோணாம். ஞாயித்துக்கெயம மாமன் வருவான். அவன் இங்கிலீஷ் படிப்பான். அவன் பாத்து சரின்னா எடுத்துக்க. இல்லன்னா பரிச்சையே கெடையாது. தையில பரிசம்.”

தீபா துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

“மாமாவா பார்க்கப் போறாரு?”

“ஆமாம்.”

“சரி. பார்க்கட்டும்.”

அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்த ரோஹிணிக்கு அந்தச் “சரி” என்ன கணக்கென்று பிடிபடவில்லை. இரண்டு நாளும் தீபா பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் படித்தாள். தாயும் மகளும் உப்பு, தண்ணி என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் அன்றே கிளம்பிவிட்டதில் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஹாரன் சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டது. நெத்திலிக் குழம்பும் சோறுமாக நடுக்கூடத்தில் துளசிங்கம் சாப்பிட உட்கார்ந்தான். வெற்றிவேல் முன்னாடியே சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பஞ்சாயத்துக்கு வந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ரோஹிணி டிரம்மிலிருந்து போனை எடுத்து அரிசித் தூசியைத் தட்டினாள். தீபா தானே வாங்கி விரலை வைத்துத் திறந்து மாமனிடம் நீட்டினாள்.

“படிங்க மாமா. சத்தமா படிங்க.”

அதில் எத்தனையோ பேர் இருந்தார்கள். இரண்டு நாள் கேள்விகள் குவிந்து பெயர்கள் மேலும் கீழும் மாறிக் கிடந்தன. வெற்றிவேல் ஒன்றையும் தேடவில்லை. சொந்த வீட்டு ஸ்விட்சை இருட்டில் போடுகிறவன் போல அவன் விரல் நேராகச் சூர்யாவிடம் போய் நின்றது. ரோஹிணி அதைப் பார்த்தாள். பார்த்ததை மனசில் ஒரு ஓரமாக வைத்தாள்.

“கேட்டுக்க மாமா,” என்று துளசிங்கத்தைப் பார்த்துச் சொன்னான். “எப்பிடி எழுதிகீறான் பாரு. ராம் ஸ்டார்ட் ஃப்ரம் மதகடி. நாலு கிலோமீட்டர் சவுத்து சைடு போறான். லெப்ட்டு திரும்பி மூணு கிலோமீட்டர். அங்க சீதா வெயிட் பண்றா. ராம் கெளம்புன எடத்துக்கும் சீதாவுக்கும் எவ்ளோ தூரம்? இதான் கேள்வியாம்!”

“இன்னாடா அர்த்தம் இதுக்கு?” என்றான் துளசிங்கம்.

“ராமு அவன். சீதா உம் பொண்ணு. வேற இன்னா அர்த்தம்? இதுக்கு உம் பொண்ணு பதிலும் போட்டுகீறா. அஞ்சு கிலோமீட்டர், சவுத் ஈஸ்ட். எடத்தையே கரெக்டா சொல்லிட்டா பாரு.”

துளசிங்கம் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தான். “இங்கேர்ந்து தெக்க நாலு கிலோமீட்டருன்னா இன்னா வருது?”

“கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு வருது மாமா.”

“அடப்பாவி. அங்க ஏறுனா கன்னியாகுமரி வரைக்கும் போலாமே!” துளசிங்கத்துக்கு நெத்திலி முள் தொண்டையில் சிக்கியதுபோல இருமல் வந்தது. ரோஹிணியோ, மகள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதையே கண்ணால் பார்த்துவிட்டாள். பக்கத்தில் எவனோ.

பிறகு அந்தச் சொல் அவள் காதில் மறுபடியும் ஒலித்தது.

“இன்னொரு தபா படி வெற்றி. எங்கேர்ந்து கெளம்புறான் அவன்?”

“மதகடிலேர்ந்துக்கா. நம்ம வாசல்லேர்ந்தே கெளம்புறான், இன்னா தெகிரியம் பாரு.”

“மேடவாக்கத்துப் பையனா?”

“ஆமாக்கா. அதான் சொன்னனே.”

“மேடவாக்கத்துப் பையனுக்கு மதகடி எப்பிட்றா தெரியும்?”

வெற்றிவேல் நிமிர்ந்து பார்த்தான்.

“எதுத்த ஃபிளாட்டு மேடம் இங்கயே குடியிருக்காங்க. அந்த எடத்து மேலயே நின்னுகினு, மதகடி எங்க கீதுன்னு என்னியக் கேக்குறாங்க. தோ நிக்கிறாளே இவ, இவளே ஆர்ச்சுன்னுதான் சொல்றா. இன்னிக்கி இந்த ஊர்ல மதகடின்னு சொல்றது யாரு? நானு. உம் மாமா. சின்ன வயசுல அந்த மதகு மேலேர்ந்து குதிச்சிகினு இருந்தியே, நீ.”

“யாராவது சொல்லியிருப்பாங்கக்கா.”

“இத்தினி பேரு இருக்கச்சொல்ல உன் வெரலு எப்பிடி நேரா அவன்கிட்ட போச்சி?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெற்றிவேல் போனை மடியில் கவிழ்த்துவைத்தான். ரோஹிணி மகள் பக்கம் திரும்பினாள்.

“தீபா, அந்த நம்பருக்குப் போன் போடு.”

“போடாதக்கா,” என்றான் வெற்றிவேல்.

அவ்வளவுதான். துளசிங்கம்கூடப் புரிந்துகொண்டான். ரோஹிணிக்குக் கோபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். தான் வளர்த்த பிள்ளை, தன் வீட்டு நடுக்கூடத்தில், தன் மகளைத் தன்னிடமே விற்கப் பார்த்திருக்கிறான். தானும் பாதி விலை பேசி முடித்திருக்கிறாள்.

“ஏண்டா?”

வெற்றிவேல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “ஒரு சிம்மு வாங்கினேன். வேற எவங்கூடனா பேசுறாளான்னு பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஒண்ணும் மாட்டல. அப்பால நானே புக்கப் பாத்து மாத்தி எழுதினேன். உங்கிட்ட காட்டலாம்னு. தப்புதான்க்கா. ஆனா ஒண்ணு சொல்றேன். மாமான்னு நான் எதுக்க வந்து நின்னா நாலு வார்த்த பேச மாட்டா. அந்த சூர்யாவுக்குப் பக்கம் பக்கமா எழுதுறா. தப்பு போட்டாக்கூடத் திட்டாம திருப்பிச் சொல்லிக் குடுக்குறா. நிறுத்த முடியல.”

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ரோஹிணிக்கு அந்தக் குரல் தெரியும். அம்மாவின் காலடியில் அழுத அதே குரல். அதைக் கேட்டு இன்னொரு தடவை எதையாவது வாக்குக் கொடுத்துவிடுவோமோ என்று பயந்து அவள் பற்களைக் கடித்துக்கொண்டாள்.

“போயிட்டு வாடா. அப்பறம் பேசலாம்.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நனைந்தபடியே போய் வண்டியை எடுத்தான். மஞ்சள் எழுத்து தெருமுனையில் திரும்பி மறைந்தது. துளசிங்கம் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

“சரி வுடு. சின்னப் பையன், ஆசையில பண்ணிட்டான். அதுக்கோசரம் முறை இல்லன்னு ஆயிடுமா? தையில பேசி முடிச்சிடலாம்,” என்று சொல்லிவிட்டு யார்டில் ஜல்லி மேல் தார்ப்பாய் பறக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினான்.

கூடத்தில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள். தீபா தரையில் சிந்திய சோற்றுப் பருக்கைகளைப் பொறுக்கினாள்.

“உனக்குத் தெரியுமாடி?” என்று ரோஹிணி கேட்டாள்.

“ரெண்டாவது நாளே தெரியும்மா. ஒரு கணக்கு வரலன்னு சொன்னான் அந்த சூர்யா. பரவாயில்ல, முயற்சி பண்ணுன்னு போட்டேன். காட் நோ மை மைண்ட்னு பதில் அனுப்பினான். எஸ் போடல. மாமா வண்டி பின்னாடி எழுதியிருக்கிற அதே தப்பு.”

“தெரிஞ்சிகினேவா பதில் போட்ட?”

“கேள்வி கேட்டாரு, பதில் போட்டேன். கிளாம்பாக்கம், கன்னியாகுமரி எல்லாம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

தீபா பருக்கைகளைத் தட்டில் போட்டாள்.

“சொல்லியிருந்தா, நீ யாரைம்மா நம்பியிருப்ப?”

ரோஹிணிக்குப் பதில் இருந்தது. அதனால்தான் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னறைக்குப் போய், குண்டானைச் சுற்றியிருந்த போர்வையை விலக்கினாள். மாவு பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. கரண்டியால் அமுக்கிப் பாக்கெட்டில் ஊற்ற ஆரம்பித்தாள். கண்ணீர் வந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்துப் படிக்கட்டில் போன் டொய்ங் டொய்ங்கென்று அடிக்கத் தொடங்கியது. இரண்டு நாளாகக் காத்திருந்த பிள்ளைகள். தீபா ஒவ்வொன்றாகப் பேசி அனுப்பினாள். ரோஹிணி பாக்கெட்டைக் கட்டிக்கொண்டே கேட்டாள். இந்தத் தடவை சந்தேகப்படக் கேட்கவில்லை. என்னதான் சொல்லிக் கொடுக்கிறாள் என்று கேட்டாள்.

“இது ஈஸிதான், கவனி. பி-யோட மகள் சி. பி ஒரு பொம்பளை. ஏ, பி-க்குத் தம்பி. அப்போ ஏ, சி-க்கு என்ன வேணும்?”

“மாமன்,” என்றாள் ரோஹிணி முன்னறையிலிருந்து.

தீபா போனைக் கீழே இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். “ஆப்ஷன்ல மாமன் இல்லம்மா. கிராண்ட்ஃபாதர் கீது, பிரதர் கீது, கசின் கீது, அங்கிள் கீது. அங்கிள்தான் போடணும்.”

ரோஹிணி கையிலிருந்த பாக்கெட்டை இறுக்கிக் கட்டிக் கூடையில் வைத்தாள்.

“அங்கிள்னே போடு,” என்றாள். “தையில உங்கப்பாவுக்கும் அதையே சொல்லிக்கிறேன். நீ உன் பரிச்சைக்குப் படி.”